மலையிறங்கி ஆறு வருடம்: தோட்டமும் வீட்டுக்குள் அரசியலும்

2019 ஜூன் 30-ஆம் தேதி சாயந்திரம் பூவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். நீலகிரியில் ஓர் அரசுப் பூங்காவில் 35 வருடத் தோட்ட வேலை. முதல் ஏழு வருடம் தினக்கூலி, அப்புறம் நிரந்தரம். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிட்டோம். ஐந்து சென்ட் இடத்தில் வீடு, முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் மண். இந்த ஆறு வருடத்தில் செடிகளைப் பற்றிப் பலதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. நடுவில் அரசியலால் வீட்டில் பேச்சு முறிந்தது. அது திரும்ப ஒட்டியதும் இதே மண்ணில்தான். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மலையிலிருந்து இறங்கும்போது டேலியாக் கிழங்கு ஒரு கூடை, ஜெரேனியம், பியூசியா என்று பதினைந்து தொட்டி ஆசையாக எடுத்து வந்தேன். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் முந்நூறு மீட்டரைச் சற்றுத் தாண்டும். மனிதர்களுக்கு அது இரண்டு மணி நேர பஸ் பயணம், செடிக்கு வேறு உலகம். மேலே எங்களுக்குச் சண்டை உறைபனியோடு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூச்செடிகள் மேல் மிலார் என்கிற செடியை வெட்டிப் போட்டு மூடுவோம். விடிந்ததும் வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்து, இலைமேல் படிந்த பனியைக் கரைத்துவிட வேண்டும். வெயில் முந்திக்கொண்டால் இலை கருகிவிடும். கீழே வந்தால் ஏப்ரல் வெயிலோடும் ஐப்பசி மழையோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அது எனக்குப் புது வேலை.

ஜூலையில் நட்ட டேலியா நன்றாகத்தான் முளைத்தது. அக்டோபரில் நாலு நாள் விடாமல் மழை. ஒரு செடி சாய்ந்து கிடந்தது, மண்ணைக் கிளறிக் கிழங்கைத் தொட்டேன். தோல் முழுசாக இருந்தது. விரலால் லேசாக அழுத்தியதும் உள்ளே இருந்து புளித்த வாடையோடு கூழ் வழிந்தது. 35 வருடம் கைக்குள் வைத்து வளர்த்த செடி அது. அன்றைக்கு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பியூசியா அடுத்த ஏப்ரல் வரைகூடத் தாங்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஊர் மாறி வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வருடம் செடி வாங்க அவசரப்படாதீர்கள். எந்த மாதம் எந்த மூலையில் எத்தனை மணி வரை வெயில் நிற்கிறது, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். நான் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் குறித்து வைத்தேன். கிழக்குச் சுவரோரம் சித்திரையில் பதினோரு மணிக்கே நிழல் வந்துவிடும் என்பது அப்படித்தான் தெரிந்தது. இப்போது டேலியாவைக் கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, அடியில் உடைந்த ஓடு போட்ட தொட்டியில், அந்தச் சுவரோரம் வைக்கிறேன். மாசியில் பூக்கிறது. ஊட்டிப் பூவின் அளவு வராது, ஆனாலும் நிறம் அதே நிறம்.

இந்த மண்ணுக்கு என்று இருக்கிறவை வேறு. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் கறிவேப்பிலை ஏக்கர் கணக்கில் விளைகிறது. வீட்டில் வராது என்று பலர் சொல்வதற்குக் காரணம், இலை இலையாகக் கிள்ளுவதுதான். அப்படிக் கிள்ளினால் செடி ஒற்றைக் குச்சியாக உயர்ந்துகொண்டே போகும். கிளையின் நுனியோடு சேர்த்து ஒடியுங்கள், ஒடித்த இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று துளிர் வரும். சின்னச் செடி பூத்தால் பூவைக் கிள்ளி எறியுங்கள். விதையிலிருந்து வளர்க்க ஆசைப்பட்டால், கறுத்துப் பழுத்ததைப் பறித்து, தோலையும் சதையையும் கசக்கிக் கழுவி, உடனே போட வேண்டும். காயவைத்து எடுத்து வைத்த விதை பெரும்பாலும் முளைக்காது.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்ததும் எல்லாரும் மருந்தைத் தேடுகிறார்கள். நான் முதலில் எறும்பைத் தேடுவேன். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். எறும்பு ஏறுகிற வழியை அடைத்துவிட்டு, வெள்ளை பிடித்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. சாயந்திரம் அடிக்க வேண்டும், வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். வாரம் ஒரு தடவை என்று மூன்று தடவை போதும். கீரைப்பாத்திக்கு வேறு தொல்லை, மயில். அது தேசியப் பறவை, 1972-ஆம் வருட வனஉயிரினச் சட்டப்படி பாதுகாக்கப்படுவது. வலை போட்டு மூடிவிடுங்கள், வேறு எதுவும் செய்யக் கூடாது.

தக்காளி, அவரைக் கொடி எல்லாம் கட்டுவதற்கு என் மாப்பிள்ளை அவினாசியிலிருந்து பனியன் வேஸ்ட் கொண்டுவருவார். அவருக்கு அங்கே சின்னதாக ஒரு பனியன் யூனிட் இருக்கிறது. கட்டிங்கில் மிஞ்சும் துணியை விரற்கடை அகலத்துக்குக் கிழித்து இழுத்தால் தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். சணல் தண்டை அறுக்கும், பிளாஸ்டிக் கயிறு இன்னும் மோசம். பனியன் துணி தண்டு பருக்கப் பருக்கத் தானும் நெகிழ்ந்து கொடுக்கும். எட்டுப் போல ஒரு முறுக்குப் போட்டு, தண்டுக்கும் குச்சிக்கும் நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார், தெருவில் பாதிப் பேருக்குக் கொடுப்பேன்.

அந்த மூட்டை 2024 ஜூனுக்குப் பிறகு ஐந்து மாதம் வரவில்லை.

நான் சர்வீஸில் இருந்த வரைக்கும் அரசியல் பேசியதே இல்லை. அரசு ஊழியர் கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது என்பது விதி. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் தமிழ்நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே உத்தரவில் வேலையைவிட்டு நீக்கியதைப் பார்த்தவன் நான். பிறகு பெரும்பாலானவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் அந்தப் பயம் மனதில் தங்கிவிட்டது. அதனால் வீட்டிலும் பேசியதில்லை. பிள்ளைகள் அரசியலை டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் கற்றுக்கொண்டார்கள். நான் வாய் திறந்து இரண்டு பக்கத்தையும் பேசிக் காட்டியிருந்தால் சண்டை அவ்வளவு தூரம் போயிருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

2024 ஜூன் 4, நாடாளுமன்றத் தேர்தல் ரிசல்ட் நாள். பள்ளி விடுமுறை என்பதால் மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லாரும் வந்திருந்தார்கள். மகன் எங்களோடு இருக்கிறான், அரசுப் பள்ளி ஆசிரியர். மகனுக்கு ஒரு கட்சி, மாப்பிள்ளைக்கு இன்னொரு கட்சி. காலையில் சீட் கணக்கில் ஆரம்பித்த பேச்சு, மத்தியானம் இலை போடும்போது பென்ஷனுக்கு வந்து நின்றது.

மகன் 2009-இல் வேலைக்குச் சேர்ந்தவன். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் அப்போது பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான் இருந்தது. மத்திய அரசிலும் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கு அன்றைக்கு அதே கதைதான். மாதாமாதம் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தார்கள். "எங்களுக்குக் கடைசிக் காலத்தில் என்ன உத்தரவாதம்?" என்றான் மகன். மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். "வரி கட்டறது நாங்க, உத்தரவாதம் உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டார். மகன் என் பக்கம் திரும்பி, "நீங்க ஏம்ப்பா பேசாம இருக்கீங்க? உங்களுக்கு மாசம் பிறந்தா வந்துடுது" என்றான். அந்த வார்த்தை எனக்குக் குத்தியது. மாப்பிள்ளை இலையில் கை வைத்தவர் அப்படியே எழுந்துவிட்டார். ஆடிக்கு அழைத்தோம், வரவில்லை. தீபாவளிக்கும் மகளும் பேத்தியும் மட்டும்தான்.

வாசலில் எனக்கு ஆறு மல்லிப் புதர். நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்துப் பண்ண வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்ச நாள் தண்ணீரை நிறுத்தி, புதரைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்பக்கம் வளர்வது எல்லாம் போக வேண்டும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். பயப்படாதீர்கள், பங்குனியில் புதுக்கிளை நுனியெல்லாம் மொட்டாக நிற்கும். வெட்டத் தயங்குகிற வீட்டில்தான் மல்லி இலையாகவே இருக்கும்.

மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். "மாப்பிள்ளை, மல்லியைக் கவாத்துப் பண்ணணுமுங்க. முழங்கால் வலியில என்னால குனிய முடியல. ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றேன். முழங்கால் வலி உண்மைதான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரிங்க மாமா" என்றார்.

2024 நவம்பர் 24. கத்தரியை மகன் கையில் கொடுத்தேன். கிளையைச் சேர்த்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், அது மாப்பிள்ளை. முதல் புதர் முடியும் வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது புதரில் கிளை நழுவிக் கத்தரி மாப்பிள்ளையின் பெருவிரல் பக்கம் போனது. "மச்சான், கையை இன்னும் கீழ பிடிங்க" என்றான் மகன். ஐந்து மாதம் கழித்து அவனிடமிருந்து வந்த முதல் வார்த்தை. "இங்கீங்களா?" என்றார் அவர். எனக்கு அது போதுமாக இருந்தது.

நாலாவது புதருக்கு வரும்போது நானே பென்ஷன் பேச்சை எடுத்தேன். மறைத்து வைத்தால் அது அங்கேயே கிடக்கும் என்று தெரியும். என் பென்ஷன் புத்தகத்தைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தேன். மகன் தன் சம்பளச் சீட்டை போனில் காட்டினான். மாப்பிள்ளை 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து தன் கணக்கு எப்படி மாறியது, ஏற்றுமதிக்குப் போன சரக்குக்குக் கட்டிய வரி திரும்ப வருகிற வரை பணம் எத்தனை நாள் முடங்குகிறது, அதுவரை எந்த வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுக்கிறார் என்று சொன்னார். யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. இரண்டு பேரும் இன்றைக்கும் அதே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். ஆனால் மகனுக்கு அந்த வட்டி தெரியாது, மாப்பிள்ளைக்கு அந்த 10 சதவீதப் பிடித்தம் தெரியாது. பத்து வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சில பழக்கம் வைத்திருக்கிறோம். சாப்பிடுகிற இடத்தில் கட்சி கிடையாது, இது என் மனைவி போட்டது. டிவி ஓடும்போது கிடையாது. பேசுவதானால் கையில் ஒரு வேலையோடு தோட்டத்தில். பேசுகிறவர் எதைப் பற்றிப் பேசுகிறாரோ அது சம்பந்தமான காகிதத்தையோ பொருளையோ கொண்டுவர வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டக் கூடாது. இதில் கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப உதவியது.

ஒரு தடவை மகன் வாழைக்குப் போட யூரியா மூட்டை வாங்கி வந்தான். வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம் என்று நான் சொன்னேன். இலை கரும்பச்சையாகப் பொங்கும், கூடவே அசுவினிப் பூச்சியும் வரும். மக்கிய சாணமும் காய்ந்த இலை மூடாக்கும் இந்த இடத்துக்குப் போதும். ஆனால் அந்தச் சாக்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. முன்னால் 50 கிலோவாக வந்தது, 2018-லிருந்து 45. 2015-லிருந்து எல்லா யூரியாவும் வேப்ப எண்ணெய் பூசியதுதான். சத்து மெதுவாகக் கரையும், தொழிற்சாலைக்குக் கடத்துவதும் கடினம். 2022-க்குப் பிறகு எந்தக் கம்பெனி யூரியாவானாலும் சாக்கில் 'பாரத்' என்ற பெயர்தான். விலை ஏறாமல் இருக்க அரசு கொடுக்கிற மானியம், விவசாயி கொடுக்கிற விலையைவிடப் பல மடங்கு. "இதுவும் வரிப்பணம்தானே மாமா" என்றார் மாப்பிள்ளை. ஆமாம், அந்த வரியில்தான் நம் இலையில் சோறு மலிவாக விழுகிறது என்றேன். அவர் அதை மறுக்கவில்லை.

தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதிகளைத் திருத்தி அமைப்பது பற்றி என் பேத்தி ஆரம்பித்தாள். கல்லூரிப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். "அப்புச்சி, நீங்க ஊட்டியில இருந்தப்பவும் இங்க வந்தப்புறமும் எங்க அப்பாவுக்கும் எம்.பி. ஒரே ஆள்தான், தெரியுமா?" என்று கேட்டாள். எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியில் ஊட்டி, குன்னூர், கூடலூர், மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் ஆறும் அடக்கம். 2008 மறுவரையறையில் அப்படி அமைந்தது. சண்டை போட்ட மூன்று பேரும் ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டர்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மாநிலங்களுக்கான மக்களவை இடங்கள் இன்றைக்கும் 1971 மக்கள்தொகைக் கணக்குப்படிதான் இருக்கின்றன. மொத்தம் 543, தமிழ்நாட்டுக்கு 39. 1976-இல் நிறுத்தி வைத்தார்கள், பிறகு 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டினார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று பஸ்ஸிலும் சுவரிலும் எழுதியிருந்த காலத்தில் பிள்ளை பெற்றவர்கள் நானும் என் மனைவியும். இரண்டோடு நிறுத்தினோம். நாடு சொன்னதைக் கேட்டு நடந்த மாநிலங்களின் பங்கு அதனாலேயே குறைந்தால் அது நியாயமே இல்லை. மாப்பிள்ளை, "பீகார்ல இருக்கிறவனோட ஓட்டுக்கும் நம்ம ஓட்டுக்கும் ஒரே மதிப்பு வேண்டாங்களா?" என்றார். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பேத்தியிடம் இரண்டையும் எழுதிக்கொள் என்றேன்.

இன்னொன்று எல்லாருக்கும் சொல்ல வேண்டியது. நாம் வீடு மாறினால் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக நம் பின்னால் வராது. நான் மலையிறங்கி இரண்டு வருடம் அதைக் கவனிக்கவில்லை. 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்கு ஊட்டிக்கு பஸ் ஏறிப் போய்த்தான் ஓட்டுப் போட்டேன். முகவரி மாறினால் படிவம் 8, புதிதாகச் சேர படிவம் 6. 2022-லிருந்து வருடத்தில் நாலு தகுதி நாள்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள். 17 வயதிலேயே விண்ணப்பித்து வைக்கலாம். பேத்திக்கு 2025 ஆகஸ்டில் 18 முடிந்தது, நானே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப வைத்தேன்.

2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. மகனை வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் போட்டிருந்தார்கள். கணக்கீட்டுப் படிவக் கட்டோடு தெருத்தெருவாக அலைந்தான். இரவு கால் வீங்கி வருவான். ஆகையால் இந்த முறை கவாத்துக்கு நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையும் பேத்தியும் வந்தார்கள். கத்தரி பேத்தியின் கையில். கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டு, தண்ணீர் தங்காது என்று ஒரு தடவைதான் சொன்னேன். ஆறு புதரையும் அவளே முடித்தாள்.

மாப்பிள்ளை காரிலிருந்து பனியன் வேஸ்ட் எடுத்து வந்தார். வழக்கமாக இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்குகிற மூட்டை. அன்றைக்கு ஒரு கடைப் பையில் பாதி. அமெரிக்கா ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதிலிருந்து அவர் யூனிட்டுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஏற்றுமதிக் கம்பெனி ஆர்டரை நிறுத்தி வைத்திருந்தது.

இருட்டுகிற நேரத்தில் மகன் வந்தான். படிவக் கட்டைத் திண்ணையில் வைத்தவன் அந்தப் பையைப் பார்த்தான்.

"இவ்வளவுதானுங்களா மச்சான்?"

"கட்டிங்கே ஓடலைங்க மாப்பிள்ளை. வேஸ்ட் எங்கிருந்து வரும்?"

மகன் கைகால் கழுவக்கூடப் போகவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பையைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து விரற்கடை அகலத்துக்குக் கிழிக்க ஆரம்பித்தான். "அந்த கம்பெனிக்காரன் என்னதான் சொல்றானுங்க?" என்று கேட்டான். மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.